தெரிந்த பையனிடம் காண்டம் கேட்பது அவனைச் சந்தேகப்படுவது ஆகாதா?

கோவையில் முதுகலை படிக்கும் ஒரு பெண்ணின் கேள்வி இது. பையன் பக்கத்து ஊர், குடும்பமும் தெரிந்த குடும்பம், எச்.ஐ.வி. எல்லாம் ‘அந்த மாதிரி’ ஆட்களுக்குத்தானே வரும் என்கிறார்.

நான் திருச்செங்கோட்டுப் பக்கம். அப்பா லாரி ஓட்டியவர். 2000-களின் தொடக்கத்தில் “புலிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?” என்று எங்கு பார்த்தாலும் விளம்பரம். எங்கள் தெருப் பிள்ளைகள் அதிலிருந்து கற்றுக்கொண்டது ஒன்றுதான்: அது லாரிக்காரர் வியாதி. பள்ளிக்கூடத்தில் என்னை அதை வைத்தே கிண்டல் செய்திருக்கிறார்கள். எங்கள் நாமக்கல் மாவட்டத்தில் அப்போது தொற்று அதிகமாக இருந்தது உண்மைதான். ஆனால் நம் நாட்டில் தொற்று வந்த பெண்களில் பெரும்பாலோருக்கு அது யாரிடமிருந்து வந்தது தெரியுமா? கட்டிய கணவரிடமிருந்து. குடும்பம் விசாரித்து, ஜாதகம் பார்த்துக் கட்டிய கணவர்.

உங்கள் பையன் பொய் சொல்கிறான் என்று நான் சொல்லவில்லை. அவனுக்கே தெரியாமல் இருக்கலாம். தொற்று வந்தும் பல வருடம் எந்த அறிகுறியும் இல்லாமல் நன்றாகவே இருப்பார்கள்.

அதனால் நானும் என் காதலரும் அரசு மருத்துவமனையில் எச்.ஐ.வி. பரிசோதனை செய்யும் நம்பிக்கை மையத்துக்குப் போனோம். பரிசோதனை இலவசம். இருவரிடமும் தனித்தனியாகப் பேசினார்கள். உங்கள் சம்மதம் இல்லாமல் சோதிக்கவோ, முடிவை வெளியே சொல்லவோ கூடாது என்று 2017-ல் சட்டமே வந்துவிட்டது. வீட்டுக்குக் கடிதம் போகாது. ஒன்று மட்டும் கவனம்: புதிதாக வந்த தொற்று மூன்று மாதம் வரை பரிசோதனையில் தெரியாமல் போகலாம். ‘நெகட்டிவ்’ என்று சீட்டு வந்த அன்றே காண்டத்தைத் தூக்கிப்போட வேண்டாம்.

எங்கள் கல்லூரியின் எய்ட்ஸ் விழிப்புணர்வு அமைப்பான செஞ்சுருள் சங்கத்தில், எய்ட்ஸ் தினமான டிசம்பர் 1 அன்று சிவப்பு ரிப்பன் கோலம் போட்டோம், பேரணி போனோம். காண்டம் என்ற வார்த்தையை மட்டும் யாரும் வாயில் எடுக்கவில்லை. அங்கே சொல்லாததை இங்கே சொல்லிவிடுகிறேன். கருத்தடை மாத்திரை எச்.ஐ.வி.யைத் தடுக்காது. தேங்காய் எண்ணெய் பட்டால் சாதாரண ரப்பர் காண்டம் பலமிழந்து கிழியும். நம் ஊரில் எல்லாவற்றுக்கும் தேங்காய் எண்ணெய்தானே! பர்ஸில் மாதக்கணக்கில் கிடந்து வெந்ததும் ஆகாது. கிழிந்துவிட்டால் அழுதுகொண்டு உட்காராமல் அரசு மருத்துவமனைக்கு ஓடுங்கள். எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்கி 28 நாள் சாப்பிட வேண்டியிருக்கும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. கேட்க ஆளில்லை என்றால் 1097-க்கு அழையுங்கள், கட்டணம் கிடையாது.

அப்புறம், அவனிடம் எப்படிக் கேட்பது? “நம்ம ரெண்டு பேருக்கும்தான்” என்று நான் சொன்னேன். இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்தார், பிறகு சரியாகிவிட்டார்.

அவன் வாங்கி வருவான் என்று காத்திருக்காதீர்கள், நீங்களே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஊர் மெடிக்கல் வேண்டாம். நான் முதல் முறை அங்கேதான் போனேன். “என்னங் அம்மணி, அப்பா லோடு போயிட்டாருங்களா?” என்றார் கடைக்காரர். ஒரு பட்டை தலைவலி மாத்திரை வாங்கிக்கொண்டு திரும்பிவிட்டேன். காந்திபுரத்தில் இறங்கி எந்தக் கடையில் வேண்டுமானாலும் கேளுங்கள். அங்கே உங்கள் அப்பாவை யாருக்கும் தெரியாது.