இரவு மாத்திரையும் வறட்டு இருமலும்

கேள்வி: என் அம்மாவுக்கு 68 வயது. சிறுநீர்த் தொற்று திரும்பத் திரும்ப வந்ததால், எட்டு மாதமாகத் தினமும் இரவு நைட்ரோஃபுரான்டாயின் 100 மி.கி. போடுகிறார். தொற்று நின்றுவிட்டது. ஆனால் இரண்டு மாதமாக வறட்டு இருமல். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. சிறுநீரும் பழுப்பாகப் போகிறது. வயதாகிறது என்று விட்டுவிடலாமா?

பதில்: விடக்கூடாது. இன்றிரவு மாத்திரைக்கு முன்பே, எழுதிக்கொடுத்த மருத்துவரிடம் இதைச் சொல்லுங்கள். பெரும்பாலும் நிறுத்தவே சொல்வார்.

இந்த மருந்து நுரையீரலை இரண்டு விதமாகத் தாக்கும். ஒன்று, தொடங்கிய முதல் வாரத்திலேயே காய்ச்சல், குளிர், இருமல், நெஞ்சுவலி என்று வருவது. பார்ப்பவர்கள் நிமோனியா என்றே நினைப்பார்கள். ரத்தத்தில் ஈசினோஃபில் என்ற வெள்ளையணு வகை கூடியிருக்கும். நிறுத்தினால் சில நாளில் அடங்கும். மற்றது, ஆறு மாதம் தாண்டியவர்களுக்கு ஓசையில்லாமல் வருவது. காய்ச்சல் இல்லாமலும் இருக்கலாம். நுரையீரல் திசு அழன்று, பிறகு தழும்பாக இறுகும். இறுகியது முழுதாகத் திரும்பாது. ஒவ்வொரு வாரமும் முக்கியம் என்பது அதனால்தான். உங்கள் அம்மாவின் கதை இரண்டாவதைத்தான் நினைவூட்டுகிறது. உட்கார்ந்திருக்கும்போதும் நடந்த பிறகும் ஆக்சிஜன் அளவு, மார்பு எக்ஸ்ரே, தேவைப்பட்டால் சி.டி. ஸ்கேன், மூச்சுத்திறன் சோதனை பார்ப்பார்கள். சும்மா இருக்கும்போதே மூச்சுத் திணறினாலோ உதடு நீலம் பூத்தாலோ நேரே அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

சிறுநீர் நிறம்தான் ஆளைக் குழப்பும். மருந்தே சிறுநீரை அடர் மஞ்சளாக, பழுப்பாக ஆக்கும், அதில் தீங்கில்லை. ஆனால் மஞ்சள் காமாலையிலும் அதே நிறம்தான். எனவே கண்ணின் வெண்மையைப் பாருங்கள். உடல் அரிப்பு, வெளிறிய மலம், பசியின்மை, வலப்பக்க விலாவுக்குக் கீழே வலி உண்டா என்று கேளுங்கள். எதுவும் இல்லையென்றாலும் கல்லீரல் பரிசோதனை செய்துவிடுங்கள். நாள்பட எடுப்பவர்களுக்கு, குறிப்பாகப் பெண்களுக்கு, தன்னெதிர்ப்பு ஹெபடைடிஸ் (உடலின் எதிர்ப்புச் சக்தியே கல்லீரலைத் தாக்கும் நோய்) போலவே தோன்றும் கல்லீரல் அழற்சி வரலாம், அந்த நோய்க்குப் பார்க்கும் ஏ.என்.ஏ. ரத்தப் பரிசோதனைகூட பாசிட்டிவ் காட்டலாம். மாத்திரை அட்டையைக் கையோடு கொண்டுபோகாவிட்டால், காரணம் தெரியாமல் வேறு சிகிச்சை தொடங்கிவிட வாய்ப்புண்டு.

இந்த மருந்துதான் காரணம் என்று உறுதியானால் பிறகு ஒருபோதும் தொடக்கூடாது. பரிந்துரைச் சீட்டில் சிவப்பு மையில் எழுதி வாங்குங்கள். தொற்றைத் தடுக்க, மாதவிலக்கு நின்றவர்களுக்குப் பிறப்புறுப்பில் தடவும் ஈஸ்ட்ரோஜன் க்ரீம் போன்ற வழிகள் இருக்கின்றன, அதையும் கேளுங்கள்.

கேள்வி: எனக்கு இதே மாத்திரை ஐந்து நாளுக்குத்தான். பயப்பட வேண்டுமா?

பதில்: குறுகிய காலத்துக்கு நல்ல மருந்துதான். சாப்பாட்டோடு போடுங்கள், குமட்டல் குறையும். சிறுநீரகக் கோளாறோ, ஜி6பி.டி. (ரத்தச் சிவப்பணுவைக் காக்கும் நொதி) குறைபாடோ இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். இடையில் காய்ச்சலோடு இருமல் வந்தால், மிச்ச மாத்திரையை முடிக்க வேண்டும் என்று பிடிவாதம் வேண்டாம்; உடனே மருத்துவரைக் கூப்பிடுங்கள்.