கன்னங்குறிச்சி மனை விற்ற பணத்தில் துபாய் ஃபிளாட் வாங்கலாமா?

கேள்வி: சார், சேலம் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறேன். வயது 51. அப்பா காலத்தில் கன்னங்குறிச்சியில் வாங்கிப் போட்ட வீட்டு மனையைப் போன மாதம் விற்றேன். கையில் 1 கோடியே 80 லட்சம் இருக்கிறது. ஐந்து ரோடு பக்கம் ஒரு ஓட்டலில் நடந்த கண்காட்சியில், துபாயில் ஒரு படுக்கையறை ஃபிளாட் 7 லட்சம் திர்ஹாம் என்றார்கள். கட்டடம் இன்னும் எழவில்லை. தவணையில் கட்டலாம், முடிந்ததும் வருடம் 8 சதவீத வாடகைக்கு உத்தரவாதம் என்கிறார்கள். 15 வருடம் விற்காமல் வைத்திருப்பதாக யோசனை. வாங்கலாமா?

பதில்: சட்டப்படி வாங்கலாம். ஆனால் இந்தப் பணத்தில், இந்தத் தவணைத் திட்டத்தில் வேண்டாம் என்பேன். துபாய் மேல் எனக்குக் கோபம் ஒன்றும் இல்லை. உங்கள் பணம் அங்கே போய்ச் சேர்வதற்குள் எவ்வளவு தேயும் என்பதை அந்த ஓட்டலில் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

முதலில் அந்த 1.80 கோடி முழுவதும் உங்களுடையது அல்ல. மனை விற்ற லாபத்துக்கு நீண்டகால மூலதன ஆதாய வரி 12.5 சதவீதம். லாபம் ஒன்றரைக் கோடி என்று வைத்துக்கொண்டால் வரி மட்டும் 18.75 லட்சம், அதற்கு மேல் சர்சார்ஜ், செஸ் என்ற கூடுதல் வரிகளும். விற்ற பணத்தில் வீடு வாங்கினால் இந்த வரிக்கு விலக்கு உண்டு என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். உண்மைதான். ஆனால் அந்த வீடு இந்தியாவில் இருக்க வேண்டும். நம் சேலம் ஃபேர்லேண்ட்ஸில் வாங்கினால் விலக்கு. துபாயில் வாங்கினால் முழு வரி. கண்காட்சிக்குப் போய்விட்டு என்னிடம் வருகிறவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு இது தெரிவதில்லை.

அடுத்தது பணத்தை அனுப்பும் வழி. ரிசர்வ் வங்கியின் எல்.ஆர்.எஸ். திட்டத்தில் ஒருவர் ஒரு நிதியாண்டில் இரண்டரை லட்சம் டாலர் வரை வெளிநாட்டுக்கு அனுப்பலாம். ஒரு டாலருக்கு 3.6725 திர்ஹாம் என்பது நிலையான கணக்கு. ஆக உங்கள் வரம்பு சுமார் 9.18 லட்சம் திர்ஹாம். 7 லட்சத்துடன் துபாய் நிலத் துறைக்கு 4 சதவீதப் பதிவுக் கட்டணம், தரகு வழக்கமாக 2 சதவீதம் சேர்த்தால் 7.42 லட்சம். வரம்பு இடம் கொடுக்கிறது. கைதான் கொடுக்காது. திர்ஹாம் 24.50 ரூபாய் என்று போட்டால் 1.82 கோடி. இதில் 10 லட்சத்துக்கு மேல் போகும் தொகைக்கு 20 சதவீதத்தை டி.சி.எஸ். என்ற முன்வரியாக வங்கியே பிடித்துக்கொள்ளும். அது ஏறக்குறைய 34 லட்சம். மொத்தம் 2.16 கோடி உங்கள் கணக்கில் இருந்தால்தான் ஒரே வருடத்தில் பணம் முழுதாகப் போய்ச் சேரும்.

டி.சி.எஸ். போன பணம் அல்ல, சரி. அதே நிதியாண்டின் மனை வரிக்கும் பட்டறை வருமான வரிக்கும் அதைக் கழித்துக்கொள்ளலாம். மிச்சம் ரிட்டர்ன் போட்ட பிறகு திரும்பி வரும். அதுவரை வெள்ளி வாங்கவேண்டிய பணம் முடங்கிக் கிடக்கும்.

அதற்குத்தானே தவணை என்பீர்கள். அங்கேதான் எனக்குப் பயம். இப்படி வெளிநாட்டில் சொத்து வாங்க அனுப்பும் பணத்துக்கு இந்திய வங்கிகள் கடன் தரக்கூடாது. ஒரு தவணை தவறினால் கடன் வாங்கிச் சமாளிக்கும் வழி இல்லை. (உள்ளூர் வீட்டை அடமானம் வைத்து, வேறு காரணம் எழுதிக் கடன் வாங்கி அனுப்பலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். ஃபெமா என்ற அந்நியச் செலாவணிச் சட்டத்தில் மாட்டுவீர்கள்.) வரம்பும் நிரந்தரம் இல்லை. 2013 ஆகஸ்டில் ரூபாய் சரிந்தபோது, 2 லட்சம் டாலராக இருந்த வரம்பை ஒரே நாளில் 75 ஆயிரமாக வெட்டி, இந்தத் திட்டத்தில் வெளிநாட்டு வீடு வாங்குவதையே நிறுத்தினார்கள். முன்பே ஒப்பந்தம் போட்டிருந்தவர்களுக்கு விலக்கு அடுத்த மாதம்தான் வந்தது. மூன்று நான்கு வருடத் தவணை போடுகிறவர் இதை மனதில் வைக்க வேண்டும்.

இப்போது வாடகை. 8 சதவீதம் என்பது மொத்த வாடகை. உத்தரவாதமும் பெரும்பாலும் இரண்டு மூன்று வருடத்துக்குத்தான். அந்தச் செலவு ஃபிளாட் விலைக்குள்ளேயே ஒளிந்திருக்கும். நான் 7 சதவீதம் போட்டுப் பார்க்கிறேன்: வருடம் 49,000 திர்ஹாம். ஒரு மாதம் காலியாகக் கிடந்தால் 45,000. கட்டடப் பராமரிப்புக் கட்டணம் சதுர அடிக்கு 15 திர்ஹாம், 600 சதுர அடி என்று வைத்தால் 9,000. வாடகையைப் பார்த்துக்கொள்ளும் நிறுவனத்துக்கு 5 சதவீதம் என்றால் இன்னொரு 2,250. அங்கே வாடகைக்கு வருமான வரி கிடையாது. அதனாலேயே இங்கே கழித்துக்கொள்ளவும் எதுவும் இல்லை. இந்தியாவில் வசிப்பவருக்கு உலகத்தில் எங்கே வருமானம் வந்தாலும் இங்கே வரி. வாடகையில் 30 சதவீதம் கழிவு போக, மீதிக்கு உயர்ந்த அடுக்கில் செஸ்ஸோடு 31.2 சதவீதம், அதாவது சுமார் 9,800. கையில் நிற்பது 24,000 திர்ஹாம். போட்ட 7.42 லட்சத்துக்கு 3.2 சதவீதம்!

துபாய் பக்கம் இருக்கும் நியாயத்தையும் சொல்ல வேண்டும். 2015-இல் டாலர் 64 ரூபாய் அளவில் இருந்தது. 2025 முடிவில் 90-ஐத் தொட்டது. திர்ஹாம் டாலரோடு கட்டிப்போட்ட நாணயம் என்பதால் வருடத்துக்கு மூன்றரை சதவீதம் போல ரூபாய்க் கணக்கில் தானாகவே ஏறியிருக்கிறது. வாடகையோடு இதையும் சேர்த்தால் நம் ஊர் வைப்பு நிதி வட்டியை ஒட்டி வருகிறது. அதற்கு மேல் லாபம் என்றால் ஃபிளாட் விலை ஏற வேண்டும். 2008-09இல் அங்கே விலை கிட்டத்தட்டப் பாதியாக விழுந்தது. 2014-இல் வாங்கியவர்கள் 2020 வரை இறங்குமுகத்தையே பார்த்தார்கள். பாலைவனத்தில் கட்டுவதற்கு இடப் பஞ்சம் இல்லை, புதுக் கட்டடம் வந்துகொண்டே இருக்கும்.

ஏற்காட்டில் காபித் தோட்டத்தைத் துண்டு போட்டு விற்கும் மனை என்றால் நம் ஆட்கள் நாலு தடவை மலை ஏறுவார்கள். வழி இருக்கிறதா, தண்ணீர் இருக்கிறதா, மலைப்பகுதிக்கு உரிய அனுமதி இருக்கிறதா என்று துருவுவார்கள். துபாய் என்றால் வீடியோவைப் பார்த்தே டோக்கன் போட்டுவிடுகிறோம்.

அப்படியும் ஆசை விடவில்லை என்றால், வரி கட்டிய மற்ற சேமிப்பிலிருந்து, கட்டி முடித்து வாடகைக்கு ஆள் இருக்கும் சின்ன ஃபிளாட்டாகப் பாருங்கள். வாடகை ஒப்பந்தம் துபாய் அரசின் வாடகைப் பதிவு முறையான 'எஜாரி'யில் பதிவாகியிருக்கிறதா என்று கேளுங்கள். கட்டாத வீடுதான் என்றால் பணம் அந்தத் திட்டத்துக்கென்றே ஒதுக்கிய எஸ்க்ரோ என்ற பாதுகாப்புக் கணக்குக்கு மட்டுமே போக வேண்டும், கட்டி முடிக்காத வீட்டுக்கான 'ஊக்குத்' பதிவு உங்கள் பெயரில் வர வேண்டும். முகவரின் சொந்தக் கணக்குக்கு ஒரு திர்ஹாம்கூட அனுப்பாதீர்கள். மனைவியின் வரம்பையும் பயன்படுத்துவதானால் பத்திரத்தில் அவரும் உரிமையாளராக இருப்பதே நல்லது. பணம் நீங்கள் கொடுத்தது என்றால் அவர் பங்கு வாடகையும் உங்கள் வருமானத்தில்தான் சேரும். அங்கே நீண்டகாலம் தங்க உதவும் கோல்டன் விசா 20 லட்சம் திர்ஹாம் சொத்துக்குத்தான், 7 லட்சத்துக்கு இல்லை. அங்கே செல்லும்படியான உயில் ஒன்றும் வேண்டும். அப்புறம், வாடகை வந்தாலும் வராவிட்டாலும் வருடா வருடம் ரிட்டர்னில் வெளிநாட்டுச் சொத்தாகக் காட்டியே தீர வேண்டும். விட்டால் கறுப்புப் பணச் சட்டத்தில் அபராதம் 10 லட்சம்.

மனைப் பணத்துக்கு முதலில் உங்கள் ஆடிட்டரைப் பாருங்கள். இந்தியாவில் வீடு வாங்க இரண்டு வருடம், கட்ட மூன்று வருடம் அவகாசம் உண்டு. அதுவரை பணத்தை மூலதன ஆதாயக் கணக்கில் போடலாம். ஏற்கெனவே ஒன்றுக்கு மேல் வீடு இருந்தால் இந்தச் சலுகை இல்லை. அப்போது 50 லட்சம் வரை வரிவிலக்குப் பத்திரத்தில் போடும் வழி ஒன்று இருக்கிறது. அதற்கு ஆறு மாதம்தான் கெடு. போன மாதம் விற்றீர்கள் என்கிறீர்கள், அந்தக் கெடு ஓடத் தொடங்கிவிட்டது.