சூரியக் காற்றைப் பிடித்துப் பூமிக்குக் கொண்டுவர முடியுமா? யாராவது செய்திருக்கிறார்களா?

கொண்டுவந்தே விட்டார்கள். கொண்டுவந்த கையோடு கீழே போட்டு உடைத்தும் விட்டார்கள். எனக்கு மிகவும் பிடித்த விண்வெளிக் கதை இது.

காற்று என்றதும் பை, பலூன் என்று நினைக்க வேண்டாம். சூரியனிலிருந்து நொடிக்குச் சுமார் 400 கிலோமீட்டர் வேகத்தில் பாயும் மின்னூட்டத் துகள்கள்தான் சூரியக் காற்று. பூமியின் காந்தப்புலம் அவற்றை விலக்கிவிடும் என்பதால் வெளியே போய்த்தான் பிடிக்க வேண்டும். அப்பல்லோ 11 வீரர்கள் சுவிஸ் விஞ்ஞானிகள் கொடுத்த அலுமினியத் தாளை நிலவில் 77 நிமிடம் விரித்து வைத்துச் சுருட்டி வந்தார்கள். அது சின்ன ஒத்திகை. முறையாகச் செய்தது நாசாவின் ஜெனிசிஸ் விண்கலம். 2001 ஆகஸ்ட் 8 அன்று கிளம்பி, பூமியிலிருந்து சூரியன் பக்கமாக 15 லட்சம் கிலோமீட்டர் தள்ளியிருக்கும் எல்1 பகுதிக்குப் போனது. சூரியன், பூமி இரண்டின் ஈர்ப்புக்கும் நடுவே விண்கலம் அதிக எரிபொருள் இல்லாமல் தங்கக்கூடிய இடம் அது. (நம் இஸ்ரோவின் ஆதித்யா விண்கலம் சுற்றுவதும் அங்கேதான். ஆனால் அது இருந்த இடத்திலேயே அளப்பது, எதையும் எடுத்துவராது.)

பிடிக்கும் முறை ரொம்ப எளிமை. சிலிக்கான், நீலக்கல், தங்கம் என்று மிகத் தூய பொருள்களில் உள்ளங்கை அளவு அறுகோணத் தட்டுகள். மூடியைத் திறந்து அவற்றை வெயிலில் காட்ட வேண்டியதுதான். வருகிற வேகத்தில் அணுக்கள் தட்டுக்குள்ளேயே புதைந்துவிடும். இரண்டேகால் வருடத்துக்கு மேல் இப்படிக் காயவைத்துச் சேர்ந்தது சுமார் 0.4 மில்லிகிராம். சில உப்புத் துகள்களின் எடை!

2004 செப்டம்பர் 8, அமெரிக்காவின் யூட்டா பாலைவனம். பாராசூட்டில் இறங்கும் கலனை ஹெலிகாப்டர் கொக்கி போட்டு நடுவானிலேயே பிடிக்க வேண்டும். சினிமா சாகச விமானிகளைக் கூட்டிவந்து பயிற்சி கொடுத்து வைத்திருந்தார்கள். பாராசூட் விரியவே இல்லை. மணிக்கு 300 கிலோமீட்டருக்கு மேலான வேகத்தில் கலன் சேற்று மண்ணில் குத்தியது. வேகம் குறைவதை உணர்ந்து பாராசூட்டுக்குக் கட்டளை தர வேண்டிய சின்ன ஸ்விட்சுகளை வடிவமைப்பிலேயே தலைகீழாகப் போட்டிருந்தார்கள், அவ்வளவுதான் காரணம். அந்த வீடியோவை இப்போது பார்த்தாலும் வயிறு கலங்கும்.

ஆனால் கெட்டிக்காரத்தனம் வேறு இடத்தில் இருந்தது. வேகக் காற்று, மெதுவான காற்று, சூரிய வெடிப்பில் வருவது என்று ஒவ்வொன்றுக்கும் தனி அடுக்கு வைத்திருந்தார்கள். ஒவ்வொரு அடுக்கின் தட்டுக்கும் ஒரு தடிமன். அதனால் நொறுங்கிய சில்லு எந்த அடுக்கைச் சேர்ந்தது என்று தடிமனை அளந்தே சொல்லிவிடலாம். மண் ஒட்டியதோ மேற்பரப்பில். சூரியச் சரக்கு உள்ளே பத்திரம். மேலே கழுவி எடுத்தால் போதும். போதும் என்று எழுதிவிட்டேன், அந்தக் கழுவல் வருடக்கணக்கில் இழுத்தது. முக்கியமாக ஆக்சிஜனைப் பிடிப்பதற்கென்றே வைத்திருந்த நான்கு தனித் தட்டுகளில் மூன்று முழுசாகப் பிழைத்தது பெரிய அதிர்ஷ்டம்.

சரி, கிடைத்தது என்ன? 2011-இல் முடிவுகள் வந்தன. சூரியக் குடும்பத்தின் நிறையில் 99 சதவீதத்துக்கு மேல் சூரியன்தான். ஆக சூரியக் குடும்பமே பிறந்த ஆதி மேகத்தின் சரக்கு அதில்தான் இருக்கும். நாமும் அதே மேகத்தில் பிறந்தவர்கள், கலவையும் ஒன்றாக இருக்க வேண்டுமே? இல்லை. ஒரே தனிமத்திலேயே எடை வேறுபடும் அணு வகைகளை ஐசோடோப்பு என்பார்கள். சாதாரண ஆக்சிஜன்-16-ஐ ஒப்பிட்டால், அதைவிடக் கனமான ஆக்சிஜன் 17, 18 ஐசோடோப்புகள் பூமியைவிடச் சூரியனில் சுமார் 6 சதவீதம் குறைவு. நைட்ரஜனில் வித்தியாசம் இன்னும் அதிகம்: நைட்ரஜன்-15 விகிதம் நம் காற்றில் இருப்பதைவிட 40 சதவீதம் குறைவு. கோள்கள் உருவாகும் முன்பே ஏதோ ஒன்று கலவையை மாற்றியிருக்கிறது. இளம் சூரியனின் புறஊதா ஒளி மேல் பலருக்கும் சந்தேகம்.

அந்தச் சில்லுகள் ஹூஸ்டனில் நாசாவின் சுத்த அறையில் இருக்கின்றன. விண்ணப்பித்தால் ஆய்வகங்களுக்குக் கொடுக்கிறார்கள்.