வரி போட்டது நாடாளுமன்றம், பழி ஏன் மன்னர்மேல்?

அமெரிக்கக் குடியேற்றங்களுக்கு வரி போட்டது பிரிட்டிஷ் நாடாளுமன்றம். 1776 அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனம் மட்டும் ஏன் மூன்றாம் ஜார்ஜ் மன்னரைத் திட்டுகிறது என்று உங்கள் மகள் கேட்டது சரியான கேள்விங்க. பள்ளிப் பாடங்கள் இதைத் தாண்டிப் போய்விடும்.

1765-இல் காகித ஆவணங்களுக்கு வரி போட்ட முத்திரைத்தாள் சட்டத்தின்போதே, எங்கள் பிரதிநிதி இல்லாத சபை எங்களுக்கு வரி போட முடியாது என்றார்கள் குடியேற்றக்காரர்கள். 1774-க்குள், பின்னாளில் பிரகடனத்தை எழுதிய ஜெஃபர்சன் போன்றவர்களின் வாதம் முற்றிவிட்டது: நாடாளுமன்றத்துக்கு எங்கள்மேல் அதிகாரமே கிடையாது, மன்னர் ஒருவர்தான் இரு தரப்புக்கும் பொது. அப்படியானால் அறுக்க வேண்டிய கயிறு அது ஒன்றுதானே? அதனால்தான் பிரகடனத்தில் நாடாளுமன்றத்தைப் பெயர் சொல்லிக்கூடக் குறிப்பிடவில்லை. "மற்றவர்களோடு சேர்ந்துகொண்டு", "அவர்களது சட்டமன்றம்" என்று ஜாடையாகத்தான் இடிக்கிறார்கள். வக்கீல் புத்தி!

அதுவரை மன்னரை நம்பியவர்கள் நிறையப் பேர். சண்டை தொடங்கிய பிறகும் 1775 ஜூலையில் சமாதான மனு அனுப்பினார்கள். அவர் வாங்கவே மறுத்து, ஆகஸ்டில் கலகம் என்று அறிவித்தார். அடுத்த ஜனவரியில் எழுத்தாளர் தாமஸ் பெய்னின் சிறு பிரசுரம் முடியாட்சியையே கிழித்துத் தொங்கவிட்டது.

தேதி விஷயம்: பிரிட்டனிடமிருந்து பிரிவதென்று குடியேற்றங்களின் பிரதிநிதிகள் வாக்களித்தது 1776 ஜூலை 2, பிரகடன வாசகத்தை ஏற்றது ஜூலை 4. மகள் கட்டுரை எழுதினால் இரண்டையும் எழுதச் சொல்லுங்கள்.