சத்துப் பொருளாக விற்கப்படும் சர்க்கரைப் பொடியைச் சாப்பிட்டால் ஸ்டெம் செல் (வேறு வகைச் செல்களாக மாறக்கூடிய மூலச் செல்) பெருகி, அடிபட்ட மூளை குணமாகுமா?

ஆகும் என்பதற்கு ஆதாரம் இல்லை.

செல்களுக்கு எட்டு வகைச் சர்க்கரை தேவை, அவற்றைப் பொடியாகச் சாப்பிட்டால் ஸ்டெம் செல் பெருகும் என்று சொல்லித்தான் இவற்றை விற்கிறார்கள். அதில் பாதி உண்மை, அதனால்தான் எடுபடுகிறது. மேனோஸ், கேலக்டோஸ், ஃப்யூகோஸ் போன்ற சர்க்கரைகள் செல்களின் மேற்பரப்பில் புரதங்களோடு ஒட்டியிருந்து, செல்கள் ஒன்றையொன்று அடையாளம் காண உதவுகின்றன. ஆனால் 'எட்டு சர்க்கரையையும் வெளியிலிருந்து சாப்பிட்டே ஆக வேண்டும்' என்பது சுத்தப் புளுகு. சாதாரண குளுக்கோஸிலிருந்தே உடல் மற்றவற்றைத் தயாரித்துக்கொள்ளும். தவிர, இப்பொடிகளில் பல கற்றாழைச் சாறு, தாவரப் பிசின் மாதிரியானவை. அவற்றின் நீண்ட சங்கிலிகளை உடைக்கும் நொதி நம்மிடம் இல்லை. பெருங்குடல் பாக்டீரியாக்கள்தான் தின்கின்றன. பிறகு மூளைக்கு எது போய்ச் சேரும்?

சர்க்கரையே மருந்தாகும் இடமும் உண்டு: எம்பிஐ-சிடிஜி என்ற அரிய பரம்பரை நோய்க்கு மேனோஸ் கொடுக்கிறார்கள். அது வேறு கணக்கு.

இத்தகைய பொடிகளை விற்ற மேனாடெக் நிறுவனத்தின் மீது அமெரிக்காவின் டெக்சாஸ் மாநில அரசு 2007-ல் வழக்குப் போட்டது. 2009-ல் வாடிக்கையாளர்களுக்கு 40 லட்சம் டாலர் திருப்பித் தர நிறுவனம் ஒப்புக்கொண்டது.

அடிபட்ட மூளை ஓரளவு தானே தேறும். எஞ்சிய நரம்புச் செல்கள் புது இணைப்புகள் போட்டுக்கொள்ளும். பிசியோதெரபியும் பேச்சுப் பயிற்சியும் அதற்குத்தான். பொடி வாங்கும் காசை அங்கே போடுங்கள்.