50 மைல் கோட்டுக்குள்ள வீடு மாட்டிக்கிச்சு, ரிமோட்ல தொடர முடியுமா?

கலிஃபோர்னியா மவுண்டன் ஹவுஸ்ல இருந்து ஒருத்தர் கேட்டிருக்கார். ஆபீஸ் சான்டா கிளாராவுல. 2021-ல வீடு வாங்கி அங்க குடி போனதுல இருந்து முழுக்க ரிமோட்தான். இப்ப கம்பெனில இருந்து மெயில் வந்துடுச்சாம், ஆபீஸ்ல இருந்து 50 மைலுக்குள்ள இருக்கறவங்க வாரம் 4 நாள் வரணும், அதுக்கு மேல இருக்கறவங்களுக்கு விலக்குன்னு. மேப்ல 48 மைல் காட்டுது, ஆனா காலைல ஆல்டமான்ட் பாஸ் தாண்டி போய் சேர ரெண்டு மணி நேரம் ஆகுது, முதுகுல டிஸ்க் பிரச்சனை வேற, எச்-1பி விசா வேற. கடைசியா ஒரு வரி: "50 மைலுக்கு வெளிய மொடெஸ்டோவுல மச்சான் இருக்கார், அவர் அட்ரஸ குடுத்துடவா?"

மச்சான் அட்ரஸ் மட்டும் வேண்டவே வேண்டாங்க. எச்-1பில இருக்கறவங்க வீடு மாறினா 10 நாளுக்குள்ள ஏஆர்-11 ஃபார்ம்ல அரசாங்கத்துக்கு சொல்லணும், நீங்க கம்பெனிக்கு ஒரு அட்ரஸ், அங்க ஒரு அட்ரஸ்னு வெச்சா நாளைக்கு கிரீன் கார்டு ஃபைல்ல அது வந்து நிக்கும். பொய் சொன்னீங்கன்னு வேலைய விட்டு எடுத்தாங்கன்னா அடுத்த வேலை தேட அதிகபட்சம் 60 நாள்தான். ரெண்டு மைலுக்காக இந்த ரிஸ்க்கா?

இந்த 50 மைல் எந்த சட்டத்துலயும் இல்ல, கம்பெனிங்க தாங்களா போட்டுக்கிட்ட கோடு. 2025 ஜனவரில ஃபெடரல் ஊழியர்கள திரும்ப கூப்பிட்டப்போ வந்த வழிகாட்டுதல்லயும் 50 மைல்னுதான் இருந்துச்சு, அதே வருஷம் செப்டம்பர்ல மைக்ரோசாஃப்ட் வாரம் 3 நாள்னு அறிவிச்சப்பவும் அதே 50. சட்டத்துல இல்லாததால கோர்ட்டுக்கு போய் "எனக்கு ரெண்டு மணி நேரம் ஆகுதே"ன்னு கேட்கவும் வழி இல்ல, கலிஃபோர்னியாவுல ரிமோட் வேலைங்கறது தனி உரிமை கிடையாது. ஆனா பாலிசிய முழுசா வாங்கி படிங்க, தூரத்த ரோடு வழியா அளக்கறாங்களா நேர்கோட்டுலயான்னு அதுலதான் இருக்கும். உங்கள விட இன்னும் தள்ளி மான்டீகா ஊர்ல இருக்கறவங்களுக்கு ரோடு வழியா 60 மைலுக்கு மேல, நேர்கோட்டுல போட்டா 50-ஐ தொட்டும் தொடாமலும் நிக்கும், அவங்களுக்கு இது வாழ்வா சாவா விஷயம். உங்களுக்கு எப்படி அளந்தாலும் உள்ளதான், அதனால மைல் கணக்குல மல்லுக்கட்டாதீங்க. ஆஃபர் லெட்டர்லயோ பிறகு வந்த லெட்டர்லயோ "நிரந்தர ரிமோட்"னு எழுத்துல இருக்கான்னு மட்டும் பாருங்க, மேனேஜர் வாய்ல சொன்னத நம்பி நிக்க முடியாது.

உங்க கைல இருக்கற நிஜமான துருப்பு சீட்டு முதுகுதான். 5 பேரோ அதுக்கு மேலயோ வேலை செய்யற எந்த கம்பெனியும் கலிஃபோர்னியாவோட ஃபீஹா சட்டத்துக்குள்ள (வேலைல பாகுபாடு காட்டறத தடுக்கற மாநில சட்டம்) வரும், உடல் குறைபாடு உள்ளவங்களுக்கான ஃபெடரல் சட்டமான ஏடிஏ-வ விட இது கொஞ்சம் தாராளம், உடல் பிரச்சனை உங்கள "பெருமளவு" முடக்கணும்னு இல்ல, வேலைய கஷ்டமாக்கினாலே போதும். நீங்க எழுத்துல கேட்டுட்டா உங்களோட உக்காந்து வழி தேடறது கம்பெனியோட கடமை, பேசவே மறுத்தா அதுவே தனி மீறல். ஆனா இங்கதான் நம்ம ஆளுங்க சொதப்பறாங்க, டாக்டர்கிட்ட "ட்ராவல் பண்ண கூடாது"ன்னு ஒரு வரி வாங்கிட்டு வந்து குடுப்பாங்க. வீட்டுக்கும் ஆபீஸுக்கும் நடுவுல நடக்கறது எங்க பொறுப்பு இல்லன்னு கம்பெனி வக்கீல் அத தட்டி விட பாப்பார். அதுக்கு பதிலா, ஒரே மூச்சுல எவ்வளவு நேரம் உக்கார முடியும், எப்ப எழுந்து நடக்கணும், எத்தன மாசத்துக்குன்னு டாக்டர் தெளிவா எழுதட்டும், கார்னாலும் நாற்காலினாலும் முதுகுக்கு ஒண்ணுதானே. நோயோட பேர் எழுத வேண்டிய அவசியம் இல்ல. இத்தன வருஷம் ரிமோட்ல வாங்கின நல்ல ரிவ்யூ எல்லாத்தையும் சேர்த்து வைங்க.

இன்னொண்ணு, நீங்க கேட்டதையே குடுக்கணும்னு சட்டம் சொல்லல, பலன் தர்ற வேற ஏற்பாட அவங்க தேர்ந்தெடுக்கலாம். அதனால நீங்களே "வாரம் 1 நாள், இல்லன்னா ட்ராஃபிக் குறைஞ்சப்புறம் 11 மணிக்கு வர்றேன்"னு ஒரு இறங்கு படிய கைல வெச்சுக்கிட்டு போங்க.

மெயில் அனுப்பறதுக்கு முன்னாடி எல்சிஏ-வ (எச்-1பிக்காக கம்பெனி தொழிலாளர் துறைகிட்ட போடற விண்ணப்பம்) எடுத்து வேலை நடக்கற இடம்னு எது இருக்குன்னு பாருங்க, இத யாருமே பாக்கறதில்ல. சான்டா கிளாரா சான் ஹோசே மெட்ரோ ஏரியாவுல வருது, மவுண்டன் ஹவுஸ் சான் வாக்கின் கவுன்டி, அது ஸ்டாக்டன் ஏரியா. எச்-1பி வேலை இடம் பத்தின 2015 சிமியோ தீர்ப்புக்கு அப்புறம் வேலை இடம் ஏரியா தாண்டி மாறினா கம்பெனி எச்-1பி பெட்டிஷன திருத்தி போடணும். வழக்கமா வேலைக்கு போய் வர்ற தூரம்ங்கறதுக்கு சட்டத்துல இத்தன மைல்னு கணக்கு இல்ல, ஒரே மெட்ரோ ஏரியான்னா தானா உள்ள, வேற ஏரியான்னா விவாதம். வீட்டு அட்ரஸ் எல்சிஏ-ல இல்லன்னா, நீங்க ரிமோட் கேட்ட உடனே லீகல் டீம் பழசையும் சேர்த்து கிளறும். அதனால மொதல்ல உங்களுக்குன்னு தனியா ஒரு இமிக்ரேஷன் வக்கீல்கிட்ட ஒரு மணி நேரம் காசு குடுத்து பேசுங்க, கம்பெனி வக்கீல் கம்பெனிக்குத்தான் வக்கீல்.

முடிவு வர்ற வரைக்கும் போகத்தான் வேணும், போகாம இருந்தா அதையே காரணமா காட்டுவாங்க. பக்கத்து ஊர் ட்ரேசில இருந்து ஏஸ் ட்ரெயின் நேரா சான்டா கிளாராவுல இருக்கற கிரேட் அமெரிக்கா ஸ்டேஷனுக்கு போகுது, நேரம் பெருசா மிச்சம் ஆகாது ஆனா நடுவுல எழுந்து நடக்கலாம். பே ஏரியாவுல 50 பேரோ அதுக்கு மேலயோ முழு நேர ஆள் இருக்கற கம்பெனி ஏதாவது ஒரு பயண சலுகை குடுத்தே ஆகணும், வரிக்கு முந்தின சம்பளத்துல இருந்து டிக்கெட் எடுக்கற வசதி இருந்தா (2025-ல மாசம் 325 டாலர் வரைக்கும் இருந்துச்சு) ஹெச்ஆர்கிட்ட இன்னைக்கே கேட்டு வாங்கிக்கங்க.