அற்புதத்தைக் கண்டும் அண்ணன் ஏன் நம்பவில்லை?

அற்புதம் ஒரு நிகழ்ச்சியை மட்டுமே காட்டுகிறது. அதைச் செய்தவர் யார் என்பதைக் காண்பவரே முடிவு செய்ய வேண்டியிருப்பதால், மும்பையின் மாகிம் ஆலயத்தில் புதன்கிழமைகளில் நடக்கும் நொவேனா என்னும் தொடர் செப வழிபாட்டுக்குப் பின், நோயுற்றிருந்த உங்கள் தாயார் எழுந்து நடந்ததை நேரில் கண்ட உங்கள் அண்ணன் இன்னும் நம்பாமல் இருப்பதில் முரண்பாடு இல்லை.

யோவான் நற்செய்தியின் 6ஆம் அதிகாரத்தில், 5 அப்பங்களும் 2 மீன்களும் 5,000 பேருக்குப் பகிரப்பட்டபோது வயிறார உண்ட அதே கூட்டம்தான், மறுநாள் அக்கரைக்கு வந்து, நம்புவதற்கு என்ன அடையாளம் காட்டுவீர் என்று இயேசுவிடமே கேட்கிறது. (படிக்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும் இடம்.) அவர்கள் தேடியது அப்பத்தை. உங்கள் அண்ணன் தேடியதும் தாயாரின் நலத்தை மட்டுமாக இருக்கலாம், அது கிடைத்துவிட்டது.

அவரிடம் 'என்ன நடந்தது', 'ஏன் நடந்தது' என்று இரண்டையும் தனித்தனியாகக் கேட்டுப் பாருங்கள். முதலாவதை ஒப்புக்கொண்டு இரண்டாவதற்கு மருந்தைக் காரணமாகச் சொன்னால், மேலும் சாட்சிகளை அடுக்குவதால் பயன் இராது.

ஆனால் அவருடைய ஐயத்தை மனக்கடினம் என்று தீர்ப்பிட வேண்டாம். 2006 ஆகஸ்டில் இதே மாகிமில் கடல்நீர் இனிக்கிறதென்று மக்கள் அள்ளிக் குடித்தபோது, மழைக்கால ஆற்றுநீர் கலந்திருக்கும் என்று குடிக்காமல் நின்றவர்களே விவேகிகள்.